காந்தியாரும் ஆட்டுக்கிடாவும்

துறையூருக்கு அப்பால், மலைகளைப் பார்த்தபடி இருக்கும் ஊர் உப்பிலியபுரம். அந்தப் பக்கத்தில் ஒரு குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. வேண்டியவர்கள் வீட்டு அழைப்பு. தட்டமுடியாமல் நாமும் போயிருந்தோம். கிடாவின் தலையில் மஞ்சள் நீர் தெளித்தார்கள். அது சும்மா நின்றது. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். குளிர் தாங்காமல் உடம்பைச் சிலிர்த்தது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று கூட்டம் குலவையிட்டது. பிறகு நடக்கவேண்டியது நடந்தது.

பந்தியில் நமக்குப் பக்கத்து இலையில் ஒரு கல்லூரி மாணவன். கறி வந்தபோது வேண்டாம் என்று கையை மறித்தான். அத்தை ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். சாமிக்கு நேர்ந்த கிடாவைத் தள்ளினால் குடும்பத்துக்கு ஆகாதாம். எதிரிலிருந்த மாமன், திருச்சிக்குப் படிக்க அனுப்பினோம், பிள்ளை அக்கிரகாரத்து ஆளாகத் திரும்பியிருக்கிறான் என்று சொல்ல, பந்தியே சிரித்தது. பையன் ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றுவிட்டு எழுந்தான். கை கழுவும் இடத்தில் நம்மைப் பிடித்துக்கொண்டான். ஐயா, ஆட்டைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை. விட்டுவிடலாம் என்று ஆறு மாதமாக நினைக்கிறேன். ஆனால் விட்டால், என்னைப் பெற்றவர்களையும் என் ஊரையும் கீழானவர்கள் என்று நானே சொன்னதாக ஆகிவிடாதா என்று கேட்டான்.

நல்ல கேள்வி. புலால் உண்ணாமை நம் நாட்டில் வெறும் உணவுப் பழக்கமாக இருந்ததில்லை. அது பிறப்பின் பட்டயமாகவும் இருந்து வந்திருக்கிறது. தின்னாதவன் மேலே, தின்பவன் கீழே என்று ஏணி போட்டு வைத்தார்கள். இன்றும் பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவன், வாசற்பலகையில் சைவர்களுக்கு மட்டும் என்று படித்துவிட்டுத் திரும்புகிறான். இப்படிப்பட்ட நாட்டில், ஓர் ஆட்டின் மேல் இரக்கப்படும் உழவர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட, தன் இரக்கத்தில் ஏதோ துரோகம் கலந்திருக்குமோ என்ற ஐயம் வருகிறது.

பத்துக் குறளை இதற்கென்றே ஒதுக்கிய வள்ளுவர் இருக்கிறாரே, 1867இல் வடலூரில் அணையா அடுப்பை மூட்டிய வள்ளலார் இருக்கிறாரே, அவர்களைக் காட்டலாமே என்று சிலர் சொல்லக்கூடும். காட்டலாம். ஆனால் அந்தப் பையனுக்கு வேண்டியது தெளிந்தவர் கதையன்று, தடுமாறியவர் கதை. தின்றும் பார்த்து, விட்டும் பார்த்து, விட்ட பிறகும் பலமுறை சறுக்கியவர் ஒருவர் உண்டு. அவர் காந்தியார். அவருடைய வருணக் கொள்கையோடு நமக்கு என்றும் உடன்பாடு இருந்ததில்லை. ஆயினும் இந்த ஒரு பொருளில் அவர் பட்ட பாடு அறியத்தக்கது.

போர்பந்தரில் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிறந்தவர். தந்தை திவான். வணிகக் குலம், வைணவ வீடு, சமண முனிவர்கள் வந்து போகும் வாசல். அந்த வீட்டில் இறைச்சி என்ற சொல்லே ஒலித்திருக்காது. பிள்ளையோ பயந்தாங்கொள்ளி. இருட்டுக்குப் பயம், பாம்புக்குப் பயம், திருடனுக்குப் பயம், பேய்க்குப் பயம். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கமாட்டார். ராஜ்கோட் பள்ளியில் படிக்கும்போது அவருக்கு ஒரு நண்பன் வாய்த்தான். ஓடுவான், தாண்டுவான், பாம்பைக் கையால் பிடிப்பேன் என்பான். தன் வாழ்க்கை வரலாற்றில் காந்தியார் அந்த நண்பனின் பெயரை எழுதாமலே விட்டிருக்கிறார். அவன் சொன்ன வாதம் அந்நாளில் குஜராத்தி மாணவர்களிடையே பாட்டாகவே உலவியது. வெள்ளைக்காரன் இறைச்சி தின்கிறான், ஆகவே ஆளுகிறான். நாம் தின்பதில்லை, ஆகவே அடிமையாயிருக்கிறோம்.

காந்தியார் நாவின் ருசிக்காக இறைச்சியைத் தொடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நாடு விடுதலை பெற வேண்டும், தான் அஞ்சாதவனாக வேண்டும் என்பதற்காகத் தொட்டார். அதைச் சீர்திருத்தம் என்றே அந்தச் சிறுவர்கள் நினைத்தார்கள்.

ஆற்றங்கரையில் ஆளரவமற்ற ஓர் இடம். ரொட்டிக்கடை ரொட்டி, அதோடு ஆட்டிறைச்சி. ரொட்டியும் பிடிக்கவில்லை. இறைச்சியோ தோலை மெல்வதுபோல் இருந்தது. குமட்டிக்கொண்டு வர, பாதியில் எழுந்துவிட்டார். அன்றிரவு கண்ணை மூடும்போதெல்லாம் உயிருள்ள ஆடு ஒன்று வயிற்றுக்குள்ளிருந்து கத்துவது போலத் தோன்றித் திடுக்கிட்டு விழித்தார். அப்புறம் என்ன செய்தார்? இது கடமை என்று தமக்குத் தாமே சொல்லித் தேற்றிக்கொண்டு மீண்டும் படுத்தார்! நண்பனும் விடவில்லை. சமஸ்தான மாளிகை ஒன்றின் சமையற்காரரோடு ஏற்பாடு செய்து, மேசை நாற்காலி போட்ட கூடத்தில் பக்குவமாகச் சமைத்த இறைச்சி விருந்து வைத்தான். மெல்ல மெல்ல ருசி பிடித்துவிட்டது. ஓராண்டுக் காலத்தில் ஐந்தாறு விருந்துகள் நடந்தன. ஆடு கத்துவது நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. இரக்கம் அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது வேறொன்று. விருந்து தின்றுவிட்டு வீட்டுக்குப் போனால் தாய் புத்லிபாய் சாப்பிடக் கூப்பிடுவார். பசியில்லை, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லவேண்டும். தாயிடம் சொல்லும் இந்தப் பொய் அவரை அரித்தது. இறைச்சி தின்னாமலிருப்பதைவிடப் பெற்றோரை ஏமாற்றுவது கேடு என்று முடிவு கட்டினார். அவர்கள் உயிரோடிருக்கும் வரை தொடுவதில்லை. அவர்கள் காலத்துக்குப் பிறகு ஒளிக்காமல், எல்லோரும் பார்க்கத் தின்பது. இதுதான் அன்று அவர் செய்த தீர்மானம். ஆகவே முதற்சுற்றில் அவர் கைவிட்டது பொய்யைத்தான். இறைச்சியை ஒத்திப்போட்டார், அவ்வளவே.

1888இல் சீமைக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் புறப்பாடு. அங்கே போகிறவர்கள் மதுவும் மாமிசமுமாகக் கெட்டுப்போவார்கள் என்று தாய்க்குக் கலக்கம். குடும்பத்துக்கு வேண்டிய சமண முனிவர் ஒருவர் முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் உறுதி கூறிய பிறகே தாய் விடை கொடுத்தார். சாதிக்காரர்கள் மட்டும் விடை கொடுக்கவில்லை. பம்பாயில் அவருடைய சாதியார் கூட்டம் போட்டு, கடல் கடந்தால் மதம் கெடும் என்றார்கள். கேளாததால் சாதியை விட்டு விலக்கினார்கள். வழியனுப்பப் போகிறவனுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதம் என்றும் விதித்தார்கள். சைவத்தின் காவலர்கள் என்று மார்தட்டியவர்கள், பின்னாளில் உலகம் அறிந்த புலால் மறுப்பாளரைச் சாதியிலிருந்து தள்ளிவைத்த வேடிக்கையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை.

செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் கிளம்பியது. எந்தப் பண்டத்தில் இறைச்சி இருக்கிறது என்று கேட்கக் கூச்சம். கேட்க ஆங்கிலமும் வராது. ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தின்றே பெரும்பாலும் காலம் தள்ளினார். செங்கடல் தாண்டினால் இறைச்சியின்றி முடியாது, பிஸ்கே விரிகுடா தாண்டினால் முடியவே முடியாது என்று உடன் வந்தவர்கள் பயமுறுத்தினார்கள். இறைச்சி தின்னாதவர் என்று நற்சான்றுச் சீட்டுகளைக்கூட அவர் சேர்த்து வைத்தார். தின்கிறவனும் அப்படியொரு சீட்டை வாங்கிவிடலாம் என்று பின்னால் தெரிந்ததும் அவற்றின் மேலிருந்த மதிப்புப் போயிற்று.

இலண்டனில் பட்டினிதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி. அது வயிற்றுக்குப் பரவாயில்லை. பகலிலும் இரவிலும் கீரை, ரொட்டி, பழப்பாகு. மூன்றாவது துண்டு ரொட்டி கேட்க வெட்கம். வீட்டுக்காரியின் பெண்மக்கள் இரக்கப்பட்டு ஒன்றிரண்டு துண்டு கூட வைப்பார்கள். நண்பர் ஒருவர் வைது பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். படிப்பறியாத தாயிடம், இந்த நாட்டின் நிலைமை தெரியாமல் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்றார். பெந்தம் எழுதிய நூலைக்கூட வாசித்துக் காட்டினார். அந்த வாதத்தை வெல்லக் காந்தியாருக்கு வாதம் தெரியவில்லை. எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை, ஆனால் வாக்கு வாக்குத்தான் என்பதோடு நிறுத்திக்கொண்டார். பின்னொரு நாள் அதே நண்பர் பெரிய உணவு விடுதிக்கு அழைத்துப் போனார். சூப்பில் என்ன கலந்திருக்கிறது என்று காந்தியார் பரிசாரகனைக் கேட்கப் போக, நாகரிகம் தெரியாவிட்டால் வெளியே போய்த் தின்றுவிட்டு வா என்று நண்பர் சீறினார். போனார், பக்கத்திலிருந்த மரக்கறி விடுதி மூடியிருந்தது, அன்றிரவு பட்டினி.

அந்த நாட்களில் அவர் மனம் எந்தப் பக்கம் இருந்தது? இந்தியர் எல்லோரும் இறைச்சி தின்னவேண்டும், ஒருநாள் தாமும் தின்னலாம் என்ற எண்ணம் அப்போதும் அவருக்குப் போகவில்லை. கட்டியிருந்தது வாக்கு, கருத்து அன்று.

கருத்து வந்தது ஒரு ஷில்லிங் விலைக்கு. தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி விடுதி தேடியவர், பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். விரும்பிய பொம்மை கிடைத்த குழந்தையின் மகிழ்ச்சி. உள்ளே போகுமுன் வாசலருகில் கண்ணாடிக்குப் பின்னே விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில் ஒன்றை வாங்கினார். ஹென்றி சால்ட் என்ற ஆங்கிலேயர் மரக்கறி உணவுக்காக வழக்காடி எழுதிய நூல் அது. சால்ட், ஈட்டன் பள்ளியில் ஆசிரியராக இருந்து, அந்தப் பகட்டு வாழ்வு வேண்டாமென்று விட்டு வந்தவர். சீமைக்கு வந்தபின் முதன்முறையாக வயிறாரச் சாப்பிட்டார் காந்தியார். பின்பு அந்த நூலை முதலிலிருந்து முடிவு வரை படித்தார். தாமாக விரும்பி ஏற்ற மரக்கறி உணவு அன்றிலிருந்துதான் தொடங்கியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கேதான் உப்பிலியபுரத்துத் தம்பி சற்று நிற்கவேண்டும். காந்தியாருக்குப் புலால் மறுப்பைக் கொடுத்தது அவர் பிறந்த சாதியா? அது அவரைத் தள்ளிவைத்துவிட்டது. சாத்திரமா? இல்லை. மாட்டிறைச்சி தின்னும் நாட்டில், இறைச்சி தின்று வளர்ந்த வெள்ளைக்காரர்கள் சிலர், யோசித்து, விட்டு, ஊராரின் கேலியைத் தாங்கிக்கொண்டு நடத்திய விடுதியில் அது அவருக்குக் கிடைத்தது. அவர்களில் எவருக்கும் இதனால் மேற்குலம் வாய்த்துவிடவில்லை. அக்கிரகாரம் என்று கேலி பேசிய மாமனுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் கருத்து வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. முட்டை இறைச்சியா அல்லவா என்ற சிக்கல் எழுந்தது. உயிரைக் கொல்லவில்லையே என்று யாரோ சொல்ல, சில நாள் முட்டை தின்றார். ஆங்கிலேயர் நூல்களில் இறைச்சிக்கு மூன்று இலக்கணம் கண்டார். பறவை, விலங்கின் தசை மட்டும் இறைச்சி என்பது ஒன்று. மீனும் சேர்த்து எல்லா உயிரின் தசையும் என்பது இன்னொன்று. முட்டை, பால் உட்பட உயிர்களிடமிருந்து வருவது யாவும் என்பது மூன்றாவது. முதலாவதை எடுத்துக்கொண்டால் மீனும் தின்னலாம்! வாக்கு வாங்கியவர் என்ன பொருளில் வாங்கினாரோ அந்தப் பொருள்தான் செல்லும் என்று முடிவு செய்தார். தாயின் அகராதியில் முட்டை இறைச்சியே. விட்டுவிட்டார். அதற்குப் பின் மரக்கறி விடுதியிலேயே பணியாரத்தில் முட்டை உண்டா என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டியதாயிற்று. 1891இல் ஊர் திரும்பியபோது தாய் இல்லை. இறந்த செய்தியை அவருக்கு எழுதாமல் வைத்திருந்தார்கள்.

1902இன் தொடக்கத்தில் கல்கத்தாவில் கோகலேயோடு தங்கியிருந்தபோது காளி கோயிலுக்குப் போனார். வழியெல்லாம் பலிக்காக ஓட்டிச் செல்லப்படும் ஆடுகள். உள்ளே இரத்தம் ஓடுகிறது. நிற்கமுடியாமல் திரும்பினார். அன்று மாலை ஒரு வங்க நண்பரிடம் சொல்லி வருந்தினார். பறை முழக்கத்தில் ஆடுகளுக்கு வலியே தெரியாது என்று நண்பர் சமாதானம் சொன்னார். மஞ்சள் நீருக்குச் சிலிர்த்த கிடா உத்தரவு கொடுத்ததென்று நம்புவதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. ஆட்டின் உயிர் மனித உயிரைவிடக் குறைந்ததன்று என்பது காந்தியாரின் எண்ணம். அதனால் கோயிலின் முன் மறியல் செய்தாரா? இல்லை. இதை நிறுத்தும் தகுதிக்குத் தாம் இன்னும் தூய்மைப்படவேண்டும் என்றுதான் எழுதினார். நம் மாநிலத்தில் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950இலேயே சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு அது அலமாரியில் கிடந்தது. 2003இல் திடீரென்று அமுல்படுத்த உத்தரவு பிறந்தது. சிற்றூர் மக்கள் கொதித்தார்கள். 2004இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். கிடா பழையபடி நிற்கிறது.

அதே 1902இல் பம்பாயில் நடந்தது இதைவிடக் கடினமானது. மகன் மணிலாலுக்குப் பத்து வயது இருக்கும். கடும் சன்னிக் காய்ச்சல், நுரையீரலிலும் நோய். முட்டையும் கோழிச்சாறும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்றார் மருத்துவர். நல்ல மனிதர், பார்சி. காந்தியார் மறுத்தார். தண்ணீர் வைத்தியம் செய்தார், ஈரத்துணியைச் சுற்றினார், ஆரஞ்சுச் சாறு கொடுத்தார். காய்ச்சல் 104 பாகை. என் பிள்ளைக்கு நான் என்ன உரிமையில் இதைச் செய்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொண்டு, மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கடற்கரையில் இரவில் நடந்தார். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு வியர்த்திருந்தது. பிழைத்துக்கொண்டான். எதனால் பிழைத்தான் என்று யார் சொல்ல முடியும் என்று காந்தியாரே பின்னர் எழுதினார். நம்மைக் கேட்டால், நாம் மருத்துவர் பக்கம்தான் நிற்போம். தன் உயிரைத் தன் கொள்கைக்குப் பணயம் வைக்கலாம்; பத்து வயதுப் பிள்ளையின் உயிரை வைக்க யாருக்கு உரிமை? அந்தப் பிள்ளை பிழைத்துப் பெரியவரானது நல்வாய்ப்பு. அதனால் தந்தை செய்தது சரியாகிவிடாது.

தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாய் நோயுற்றபோது நிலைமை வேறு. டர்பன் மருத்துவர் கேளாமலே மாட்டிறைச்சிச் சாறு கொடுத்துவிட்டார்; நோயாளியை ஏமாற்றியாவது காப்பாற்றுவது எங்கள் தொழில் என்றார். காந்தியார் முடிவை மனைவியிடமே விட்டார். அந்த அம்மையார் அசையவில்லை. செத்தாலும் சரி, வேண்டாம் என்றார். தூறும் மழையில் அவரை அழைத்துக்கொண்டு பீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார்கள். உடல் தேறியது. இங்கே முடிவு உரியவருடையது. ஆகவே நமக்குப் பேச்சில்லை.

தமிழர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி டால்ஸ்டாய் பண்ணையில் நடந்தது. 1910இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகே 1,100 ஏக்கரில் ஏற்பட்ட பண்ணை. நண்பர் காலன்பாக் கொடுத்தது. அறப்போரில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் அங்கே வந்து தங்கின. தமிழர்கள் பலர், இந்துக்களும், முஸ்லிம்களும், கிறித்தவர்களும் இருந்தார்கள். இறைச்சி தின்று பழகியவர்களுக்கு என்ன உணவு போடுவது? போராட்டத்துக்காகக் கணவனைச் சிறைக்கு அனுப்பிய பெண்ணிடம், உனக்கு இங்கே உன் உணவு கிடையாது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்று எண்ணினார். அவர்கள் கேட்டால் ஆட்டிறைச்சி மட்டுமல்ல, மாட்டிறைச்சியும் வாங்கித் தருவதென்று முதலில் தீர்மானம் செய்துகொண்டார். அதன் பிறகே போய்க் கேட்டார். அந்தப் பெண்கள் பொதுச் சமையலில் மரக்கறியே இருக்கட்டும் என்று இசைந்தார்கள். தருவதற்கு ஆயத்தமாக இருந்து கேட்டதால்தான் அந்த இசைவுக்கு மதிப்பு. இன்று நாட்டில் அடுத்தவன் பானைக்குள் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்க்கக் கம்போடு கிளம்புகிறவர்கள் இந்த ஏட்டைப் புரட்டுவதில்லை.

அந்தப் பண்ணையில்தான் 1912இல் பாலையும் விட்டார். பால் புலன்களைக் கிளறுகிறது என்ற எண்ணம் ஒருபுறம். கல்கத்தாவில் மாடுகளை வதைத்துப் பால் கறக்கும் கொடுமை பற்றிப் படித்தது மறுபுறம். ஆறு ஆண்டு ஓடியது. 1918இல் கேடா மாவட்டத்தில் போருக்கு ஆள் சேர்க்க அலைந்து, வயிற்றுக்கடுப்பில் விழுந்தார், எலும்பும் தோலுமானார். 1919 தொடக்கத்தில் பம்பாய் மருத்துவர் பால் குடித்தாலன்றி உடம்பு தேறாது என்றார். பால் குடிப்பதில்லை என்ற உறுதியைச் சொன்னார் காந்தியார். கட்டிலருகே நின்ற கஸ்தூரிபாய் ஒரு வழி சொன்னார். உறுதி எடுத்தபோது பசுவும் எருமையும்தானே மனத்தில் இருந்தன. ஆட்டுப்பால் குடித்தால் என்ன? ரௌலட் சட்டத்தை எதிர்க்க உயிர் வேண்டுமே என்ற ஆசை அவருக்கு. ஒப்புக்கொண்டார்.

முட்டை விஷயத்தில் தாயின் பொருளே பொருள் என்று எழுத்தை உதறிக் கருத்தைப் பிடித்தவர், பால் விஷயத்தில் கருத்தை விட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இது தெரியாமலில்லை. அந்த நினைவு தம்மைக் குத்திக்கொண்டே இருக்கிறதென்று பல ஆண்டுக்குப் பின்னும் எழுதினார். ஆட்டுப்பாலை விடவும் இல்லை. 1948 சனவரி 30 வரை அது தொடர்ந்தது.

1931 நவம்பரில் வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் போயிருந்தபோது அங்குள்ள மரக்கறிச் சங்கத்தார் அவரை அழைத்தார்கள். ஒரு காலத்தில் அதன் செயற்குழுவில், எழுந்து பேசக் கூசி, எழுதிக் கொண்டுவந்ததைப் பிறரைக்கொண்டு படிக்கச் சொன்னவர் அவர். பக்கத்தில் முதியவராக ஹென்றி சால்ட் அமர்ந்திருந்தார். உடல்நலத்துக்காகப் புலாலை விட்டவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை, அறத்துக்காக விட்டவர்களே நிலைக்கிறார்கள் என்றார் காந்தியார். அதோடு சங்கத்தாருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொன்னார்: எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு, தின்கிறவர்களிடம் பொறுமையில்லாமல் இராதீர்கள்.

இத்தனையும் அன்று அந்தப் பையனிடம் சொல்ல நேரமில்லை. ஆற்றங்கரை விருந்தையும் வயிற்றுக்குள் கத்திய ஆட்டையும் சொல்லி, தாயிடம் சொன்ன பொய்க்கு வருவதற்குள் துறையூர்ப் பேருந்து வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறி, இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தோம். பந்தலில் இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. பையன் கறிக்குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்துகொண்டிருந்தான். அத்தை இலையில் எலும்பு பார்த்து இரண்டு கரண்டி கூடவே ஊற்றினான்.